நுரை நிற்காத தண்ணீர்

"கடல் தண்ணியில சோப்பு நுரைக்குமா, புள்ள?"

மாஹிர் இதைக் கேட்ட அன்று ரிஹாப் முற்றத்துக் கல்லில் பேய்க்கணவாயை அடித்துக்கொண்டிருந்தாள். எட்டுக் கைகளையும் சேர்த்துப் பிடித்து, தலைக்கு மேல் தூக்கி, கல்லில் ஓங்கி அறைய வேண்டும். சதை இளகும்வரை அறைய வேண்டும். இல்லையென்றால் எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் செருப்புத்தோல் மாதிரி பல்லுக்கு நடுவே இழுத்துக்கொண்டு நிற்கும். அந்த வேலைக்கு நடுவில் அண்ணன் கேட்டது விளையாட்டுக் கேள்வியாகத்தான் பட்டது. சிறு வயதிலிருந்தே அவன் அப்படித்தான். மீனுக்குத் தாகம் எடுக்குமா, நிலா எந்த ஊர்க் கிணற்றில் குளிக்கும் என்று எதையாவது கேட்டு அவள் வாயைத் திறக்கப் பார்ப்பான். அது அவ்வளவு எளிதில்லை. பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் அவளுடைய குரல் தொண்டைக்குள்ளேயே சுருண்டு படுத்துக்கொள்ளும். வகுப்பு சிரிக்கும். ஒரு நாள் பையை மாட்டிக்கொண்டு கிளம்பியவள் பேருந்து நிறுத்தம்வரை போய்த் திரும்பி வந்துவிட்டாள். மறுநாளும் அப்படியே வந்தாள். பிறகு யாரும் போகச் சொல்லவில்லை.

"நுரைக்காது. திரிஞ்ச பால் மாதிரி ஆவும்."

"நம்ம கிணத்துத் தண்ணியில ஆவுற மாதிரியா?"

"அதவிட மோசமா."

அவன் தலையை ஆட்டிக்கொண்டே போய்விட்டான். அவள் மறுபடி கையை ஓங்கினாள்.

தண்ணீரைப் பற்றி அந்த வீட்டில் அவளிடம்தான் கேட்க வேண்டும். முற்றத்துக்கு அடியில் மாஜில் இருந்தது. மொட்டைமாடியில் விழுகிற மழையெல்லாம் குழாய் வழியே இறங்கி அந்த நிலத்தொட்டியில் தங்கும். கெர்க்கன்னாத் தீவில் எந்த முற்றத்தைக் காலால் தட்டினாலும் அடியில் இப்படியொரு தொட்டி பதில் சொல்லும். குடிக்க, தேநீர் வைக்க, கடலை வேகவைக்க அந்தத் தண்ணீர். தோட்டத்து மூலையில் இருக்கும் கிணறு மற்ற எல்லாவற்றுக்கும். அது கடுத்த தண்ணீர், பாதி உப்பு. அதில் துவைத்த துணி காய்ந்தால் தானாக நிற்கும். தலையில் ஊற்றினால் முடி கயிறாகும். மழை பொய்த்த வருடங்களில் உம்மா மாஜிலின் இரும்பு மூடிக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வாள். இப்போது தொடர்ந்து பொய்த்துக்கொண்டிருந்தது. தூங்கும்போதும் சாவி இடுப்பில்தான் இருந்தது.

அந்தப் பூட்டுக்கும் ஒரு விலக்கு உண்டு. ஆண்பிள்ளை முகத்துக்கு ஒரு குவளை மழைத்தண்ணீர். வாப்பா இருந்த காலத்திலிருந்து வரும் ஏற்பாடு அது. பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு ரிஹாபுக்கு முதலில் கிடைத்த வேலையும் அதுதான். குவளையைக் கைபொறுக்கும் சூட்டுக்குக் காய்ச்சி எடுத்துப்போய், முற்றத்துச் சுவரில் ஆணியில் தொங்கும் கண்ணாடிக்குக் கீழே வைப்பாள். வாப்பா பிரஷை நனைத்து உதறி, கிண்ணத்துச் சோப்பில் நாலு சுற்றுச் சுற்றுவார். வாசனையோடு நுரை எழும்பி வரும். கட்டித்தயிர் மாதிரி கன்னத்தில் உட்கார்ந்துகொண்டு, சவரம் முடியும்வரை அசையாது. ஒருமுறை உம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டு, உன் தண்ணி எனக்கு வேண்டாம் என்று வீம்புக்குக் கிணற்றுத் தண்ணீரில் சவரம் செய்ய உட்கார்ந்தார். நுரை எழும்புவதுபோல் எழும்பி, சோர்ந்து, வெள்ளைத் திப்பிகளாகப் பிரிந்து தாடியில் ஒட்டிக்கொண்டது. பிளேடு இழுத்த இடமெல்லாம் தடுக்கியது. கிண்ணத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு வளையம். கன்னமெல்லாம் கீறலோடு அவர் திரும்பியபோது உம்மா, "கருவாட்டுக்குக் கத்தி போட்ட மாதிரி இருக்குய்யா உங்க மூஞ்சி" என்று சொல்லி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சண்டை அதோடு தீர்ந்தது. தானே எழுந்து போய்ப் பூட்டைத் திறந்து தண்ணீர் மொண்டு வந்தாள்.

வேறு எதற்கும் அவள் இளகமாட்டாள். ரிஹாப் முதல்முறை பள்ளிக்கூடம் கிளம்பியபோதும், வாப்பா கப்பலேறிப் பெருநிலத்து ஸ்பாக்ஸ் நகர ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியபோதும் வாசலில் நின்று பின்னாலேயே தண்ணீர் எறிந்தாள். போகிறவர் திரும்பி வருவதற்கு அப்படி எறிய வேண்டும். ஆனால் எறிந்தது கிணற்றுத் தண்ணீர். மண்ணுக்கு எதற்கு மழைத்தண்ணீர் என்று அப்போதும் சொன்னாள். ரிஹாப் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பி வந்தாள். வாப்பா ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பவில்லை. அதற்குப் பிறகு உம்மா அதைப்பற்றிப் பேசியதே இல்லை.

வாப்பாவின் கிண்ணமும் பிரஷும் ரேசரும் படிகாரக் கட்டியும் மாஹிருக்கு வந்தன. அவருடைய தாடியும் வந்தது. கம்பிபோல் அடர்ந்து, எல்லாத் திசையிலும் சுழித்துச் சுழித்து வளரும் தாடி. காலையில் மழித்தால் மாலைக்குள் முகம் கறுத்துவிடும். நல்ல நுரை இல்லாமல் அதில் பிளேடு வைக்க முடியாது.

அப்படிப்பட்டவன், அந்தக் கேள்வி கேட்ட சில நாட்களுக்குப் பின், ரிஹாப் நீட்டிய குவளையை வாங்காமல் கையால் விலக்கினான்.

"வேணாம் புள்ள. மழையில்லாத வருஷம். கிணத்துத் தண்ணியே போதும்."

உம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்துத் தெருவில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்குப் போய், உன் பெண்ணுக்கு நான் பார்த்திருக்கிற மாப்பிள்ளை எப்படிப்பட்டவன் தெரியுமா, தன் மூஞ்சியைக் கெடுத்துக்கொண்டு வீட்டுக்குத் தண்ணீர் மிச்சம் பிடிக்கிறான் என்று சொல்லிவிட்டு வந்தாள். கல்யாணத்தைக் கோடை முடிந்ததும் வைத்துக்கொள்ளலாம் என்று அவளாகவே முடிவு செய்திருந்தாள். மாஹிர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கீறல் விழுந்த தாடையில் படிகாரத்தைத் தேய்த்துக்கொண்டு சிரித்தான்.

படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த ரிஹாபுக்கு மட்டும் ஏதோ பொருந்தவில்லை. கெட்ட தண்ணீரோடு சமாதானமாகிப் போனவன் அவசரமாகச் சுரண்டிவிட்டு எழுந்து போவான். இவன் அப்படிச் செய்யவில்லை. ஒரு நாள் பிரஷை நன்றாக உதறிவிட்டு, உலர்ந்த முடியோடு சோப்பில் வெகுநேரம் தேய்த்து, பிறகு தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டான். இன்னொரு நாள் பிரஷே இல்லாமல் சோப்புக்கட்டியை நேராகக் கன்னத்தில் உரசினான். ஒவ்வொரு முறையும் கிண்ணத்தைச் சாய்த்து, நுரை எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்த்தான். பரீட்சைக்குப் படிக்கிறவனின் முகம் அவனுக்கு.

துணி காயப்போடக் கொல்லைப்பக்கம் போனபோது சன்னல் திண்டில் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலைப் பார்த்தாள். பாதித் தண்ணீர் இருந்தது. கழுத்தைச் சுற்றி வெள்ளையாகப் பொரிந்திருந்தது. மூடியைத் திறந்து விரலை நனைத்து நாக்கில் வைத்தாள்.

கடல்.

பாட்டிலை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, ஈரத்துணிகளை ஒவ்வொன்றாக உதறிக் காயப்போட்டு முடித்தாள். நல்ல மழைத்தண்ணீரைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு ஒருவன் கடலில் சவரம் பழகுகிறான். எதற்கென்று அன்று அவளுக்குப் புரியவில்லை. ஆனால் பயம் வந்துவிட்டது.

புரியவைத்தது கைஸ். மாஹிரின் பள்ளித்தோழன். போன இலையுதிர்காலத்தில் திருட்டுப் படகேறி அக்கரை இத்தாலிக்குப் போனவன், பனிக்காலத்தில் விமானத்தில் இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவே திரும்பி வந்தான். தெருவில் எல்லோரும் அவனை "வாய்யா இத்தாலிக்காரா" என்றுதான் கூப்பிட்டார்கள். அவனும் தொப்பியைத் தூக்கிச் சலாம் போட்டுவிட்டுப் போவான். ஒரு மத்தியானம் அவன் வந்து மாஹிரோடு முற்றத்தில் உட்கார்ந்திருந்தான். உம்மா தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். சமையலறைச் சன்னலுக்கு உள்ளே ரிஹாப் பார்லி மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"தாடிதான்டா காட்டிக் குடுத்துச்சு" என்றான் கைஸ். "எங்கூட எறங்கினவன் ஒருத்தன், அவனுக்கு மீசையே மொளைக்காது, பொம்பளப் புள்ள மூஞ்சி. பாறைக்குப் பின்னால போயி சட்டைய மாத்தினான், தலையச் சீவினான், சுற்றுலா வந்தவன் மாதிரி நடந்து போயி பஸ் ஏறிட்டான். அதே பஸ்ஸுக்குத்தான் நானும் நின்னேன். ஒரு கெழவி என் மூஞ்சியப் பாத்தா. பாத்துட்டு போன எடுத்தா. அவ்வளவுதான்."

"சவரம் பண்ணிட்டு நின்னுருக்கலாமில்ல?"

"பண்ணேனே! கடல் தண்ணியில. சோப்பு தயிராத் திரிஞ்சு மூஞ்சில அப்பிக்கிச்சு. பாதி தாடி வந்துச்சு, பாதி தோலு வந்துச்சு. ரத்தம் சொட்டச் சொட்ட நின்னா, கெழவி போலீசைக் கூப்பிடாம பொண்ணா குடுப்பா?"

மாஹிர் சிரித்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "ஒரு சின்ன பாட்டில்ல நல்ல தண்ணி எடுத்துக்கிட்டா?"

"படகுல மிச்சத் தண்ணின்னு ஒன்னு உண்டாடா? பக்கத்துல ஒரு கொழந்தை நாக்க நீட்டிக்கிட்டுக் கெடக்கும். நீ மூஞ்சிக்குன்னு மூடி வச்சிருப்பியா?"

மாஹிர் தேநீர்க் குவளையைக் கல்லில் வைத்தான்.

"நுரை டப்பா கிப்பான்னு கேக்காத. பையே கூடாது. ஒருத்தன் கொண்டு வந்தத கடல்ல தூக்கி எறிஞ்சானுவ. சட்டைப் பையில எது நிக்குமோ அதான் உனக்கு." கைஸ் தேநீரை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "புடிச்ச பிறகு முகாமுக்கு எங்கள ஏத்திக்கிட்டுப் போன கப்பல்ல ஒரு மாலுமி இருந்தான். வாளியக் கடல்ல விட்டுத் தூக்கி, அந்தத் தண்ணியிலயே மூஞ்சி கழுவினான். நுரைச்சுதுடா! என் கண்ணால பாத்தேன். என்ன சோப்போ. கல்யாண வீட்டுல போடுவானே தேங்கா மிட்டாய், அந்த வாசனை."

"தேங்கா மிட்டாயத் தேச்சுக் குளிச்சானா? பசியில உனக்கு மூளை கலங்கிருச்சு."

"அதுவும் இருக்கும்" என்றான் கைஸ்.

ரிஹாபின் கைகள் மாவுக்குள் அப்படியே நின்றுவிட்டன. வாப்பாவின் படகு மோட்டார் ஞாபகம் வந்தது. ரிப்பேருக்கென்று ஸ்பாக்ஸுக்குக் கொண்டுபோனான் மாஹிர். குளிர்காலத்தில் போன மோட்டார். அது இல்லாமல் துடுப்புப் போட்டே போய்க் கடலில் நட்டிருக்கும் பேரீச்ச மட்டை வேலிகளில் சிக்கிய மீனை எடுத்து வந்துகொண்டிருந்தான். எப்போது வரும் என்று உம்மா கேட்கும்போதெல்லாம், ஏதோ ஒரு பாகம் கிடைக்கவில்லை என்றான். அந்த மோட்டார் வராது. அதை விற்ற காசுதான் அவனுடைய பயணச்சீட்டு.

உம்மாவிடம் சொல்லிவிடலாம் என்று அன்று மாலையே அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். உம்மா வரப்போகிற மருமகளுக்குத் தைத்துக்கொண்டிருந்த துணியில் நூலைக் கடித்து அறுத்தாள்.

"என்னடி பக்கத்துல வந்து பம்முற? வாயில முத்தா வச்சிருக்க, தெறந்தா கொட்டிருமா?"

குரல் வழக்கம்போலச் சுருண்டு படுத்துக்கொண்டது. "ஒன்னுமில்லம்மா" என்று எழுந்து போய்விட்டாள்.

அந்த மாலுமியின் சோப்பு தேங்காய் எண்ணெயில் காய்ச்சியதாக இருக்கலாம் என்று அவளுக்குப் பட்டது. தேங்காய் எண்ணெய் கடையில் இருந்தது. கல்யாணப் பெண்களுக்குத் தலையில் தடவ வாங்கிப்போவார்கள், சிறிய சிறிய பாட்டில்கள். மீன் விற்கிற அன்று தனக்கென்று கிடைப்பதில் ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்தாள். கடைக்காரப் பெண், "ஏண்டியம்மா, மாப்பிள்ளை வந்தாச்சா? எங்கிட்ட மட்டும் சொல்லு" என்று கண்ணடித்தாள். ரிஹாப் முகம் சிவந்து காசை வைத்துவிட்டு ஓடிவந்தாள். எதற்காகச் செய்கிறோம் என்று அவளுக்கே சரியாகத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளத்தான், அந்த மாலுமியின் சோப்பு நிஜமா என்று பார்க்கத்தான் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

சோப்புக் காய்ச்சுவது அவளுக்குப் புதிதில்லை. ஜாடியின் அடியில் தங்கும் பழைய ஆலிவ் எண்ணெய்க் கசண்டையும் சோப்புக்காரத்தையும் சேர்த்து வருடா வருடம் உம்மாவோடு காய்ச்சுகிறவள்தான். உம்மா வெளியே போன ஒரு பகலில் அதே அளவில் காரத்தைப் போட்டுக் காய்ச்சினாள். எண்ணெய் இறுகவே இல்லை. மேலே கொழுப்பு மிதந்தபடி கூழாகக் கிடந்தது. கொல்லையில் குழிதோண்டிப் புதைத்தாள். அடுத்த முறை காரத்தைக் கூட்டினாள். அது விரலில் தெறித்துக் கொப்புளம் போட்டது. ஆனால் இந்தத் தடவை கிளறிக்கொண்டிருக்கும்போதே இறுகத் தொடங்கியது. ஆலிவ் சோப்பு மாதிரி நாட்கணக்கில் யோசிக்கிற சோப்பு இல்லை இது. காபிக் குவளை ஒன்றில் ஊற்றி, மேலே துணி போட்டு, தன் கல்யாணத்துக்கென்று சேர்த்துவரும் பெட்டிக்குள் போர்வைகளுக்கு அடியில் வைத்தாள். அவ்வப்போது எடுத்து நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தாள். நாக்கில் சுள்ளென்று இழுப்பது நின்றபோது சோப்பு தயாராகியிருந்தது. உள்ளங்கையில் அடங்குகிற, குவளையின் அடிப்பாகம் போல வட்டமான, பளீரென்று வெள்ளையான கட்டி.

சன்னல் திண்டிலிருந்த பாட்டிலிலிருந்து கடல் தண்ணீரைக் கையில் கொஞ்சம் ஊற்றித் தேய்த்தாள். முதலில் ஒன்றும் வரவில்லை. இன்னும் தேய்த்தாள். பிறகு விரல் இடுக்கில் குமிழ் கண் திறந்தது. பெரிய பெரிய குமிழ்கள். வாப்பாவின் தயிர் நுரை இல்லை, கொஞ்சம் ஏழை நுரை. ஆனால் திரியவில்லை. உள்ளங்கையில் வெள்ளையாக நின்றது. ஊதினாள். அப்போதும் நின்றது.

சந்தோஷம் வருமென்று நினைத்திருந்தாள். வரவில்லை. கிணற்றடிக்கு ஓடிப்போய்க் கையைக் கழுவினாள். தேங்காய் மிட்டாய் வாசனை மாலைவரை போகவில்லை.

அந்தக் கட்டியைக் கொடுக்கக்கூடாது என்று தீர்மானம் செய்தாள். கணக்கு அவளுக்குத் தெளிவாக இருந்தது. அவன் போவதைத் தடுக்க அவளால் முடியாது. மோட்டாரை விற்றவன் போய்விட்டவன்தான். கடல் அவனை விழுங்குமா விடுமா என்பது அவள் கையில் இல்லை. ஆனால் கரையேறிவிட்டால் அதற்கப்புறம் நடப்பது இந்தக் கட்டியில் இருக்கிறது. ஆலிவ் சோப்போடு போனால் கைஸைப்போலச் சுரண்டிக்கொண்டு நிற்பான், பிடிபடுவான், திருப்பி அனுப்புவார்கள். இந்த முற்றத்துக்கே வந்து, இந்தக் கண்ணாடி முன்னாலேயே நிற்பான். இந்தக் கட்டியோடு போனால் மழித்த முகத்தோடு பஸ் ஏறி, பெயர் தெரியாத ஊர்களுக்குள் போய்விடுவான். அங்கே காகிதம் இல்லாதவன் ஒருமுறை உள்ளே போனால் திரும்பி வர வழியில்லை. உம்மா மௌத்தானாலும் போனில்தான் அழுவான். அந்தத் தெருவிலேயே அப்படி மூன்று வீடு இருந்தது. திரும்பி வந்தால் அவமானம். வரட்டும். உயிரோடு இருக்கிற அவமானம். கட்டியைத் துணியில் சுற்றிப் பெட்டியின் அடிக்குத் தள்ளினாள்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை உம்மா குஸ்குஸ் செய்து, பேய்க்கணவாய்க் குழம்பை மேலே ஊற்றி, கைஸ் வீட்டுக்குக் கொடுத்துவிட்டு வரச் சொன்னாள். கைஸின் தாய் தட்டை வாங்கிக்கொண்டு அவளை உள்ளே இழுத்தாள். நடுமுற்றத்தில், உச்சி வெயிலில், கைஸ் கண்ணாடி முன்னால் நின்று சவரம் செய்துகொண்டிருந்தான். அந்த வீட்டு மாஜிலில் இன்னும் தண்ணீர் இருந்தது போலும். முகமெல்லாம் அழகான, கெட்டியான நுரை. அவன் ரேசரை இழுத்தபோது நுரைக்கு அடியிலிருந்து வெறும் தோல்தான் வந்தது. ஒரு முடி இல்லை. மழிப்பதற்கு எதுவுமே இல்லாத முகம்.

"காலையிலயும் பண்ணான்மா" என்று அவன் தாய் ரிஹாபின் காதருகே சொன்னாள். "சாயங்காலமும் பண்ணுவான். எங்கடா போறேன்னு கேட்டா எங்கயும் போகலங்கிறான். வேலைக்குப் போறதில்ல, பொண்ணு பாக்க விடறதில்ல. நாளெல்லாம் இந்தக் கண்ணாடிதான்."

கைஸ் தாடையைத் தூக்கிக் கழுத்தை மழித்தான். கண்ணாடியில் ரிஹாபைப் பார்த்தான். அவளைப் பார்த்ததாகத் தெரியவில்லை. அவளுக்குப் பின்னால் வேறு யாரோ போனைக் கையில் எடுத்துக்கொண்டு நிற்பதைப்போலப் பார்த்தான். உடனே பிரஷை எடுத்து மறுபடியும் நுரை போட ஆரம்பித்தான்.

அவள் தட்டைக்கூடத் திரும்ப வாங்காமல் வந்துவிட்டாள். வழியெல்லாம் அந்தக் கண்ணாடியில் கைஸின் இடத்தில் மாஹிர் நின்றுகொண்டிருந்தான். திரும்பி வருவது என்றால் இதுதானா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். அன்றிலிருந்து தினமும் பெட்டியைத் திறந்தாள், மூடினாள். கொடுத்தால் அவள் கையாலேயே அவனை அனுப்பியதாகும். கொடுக்காவிட்டால் அவள் கையாலேயே அந்தக் கண்ணாடி முன்னால் நிறுத்தியதாகும். கேட்டுச் சொல்ல யாரும் இல்லை.

கோடை பிறந்து, கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் படுத்துவிட்ட ஒரு காலையில், உம்மா முற்றத்துக்கு வந்தாள். மாஹிர் கண்ணாடிக்குக் கீழே கிணற்றுத் தண்ணீர்க் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தான். முந்தின நாள் அவன் படகைக் கரைக்கு மேலே இழுத்துக் கவிழ்த்துப் போட்டதை ரிஹாப் பார்த்திருந்தாள். மீன் பருவத்தில் யாரும் படகைக் கவிழ்ப்பதில்லை. உம்மா அதைப் பார்த்தாளா இல்லையா என்று தெரியாது. அவள் குனிந்து மாஜிலின் பூட்டைத் திறந்தாள். வாளியை உள்ளே விட்டாள். கயிறு வெகுதூரம் போனது. தரையைத் தட்டுகிற சத்தம் கேட்டது. மெதுவாகச் சாய்த்துச் சாய்த்து மொண்டு, முழு வாளியையும் தூக்கி வந்து அவன் முன்னால் வைத்தாள்.

"இன்னிக்கு இதுல பண்ணு."

"எதுக்கும்மா? இது போதும்."

"போதும் போதும்னு எத்தன நாளு. மூஞ்சிய மூஞ்சியா வச்சுக்க." கிணற்றுத் தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்துச் செடிக்கு ஊற்றினாள். "மோட்டாரு இன்னும் வரலயா?"

"வரும்மா."

"வந்தா வரட்டும். வராட்டியும் போவுது. சாமான்தானே." தலைத்துணியின் நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "சாமான் போனா வாங்கிக்கலாம்."

படியில் உட்கார்ந்திருந்த ரிஹாபுக்கு அப்போதுதான் தெரிந்தது. உம்மாவுக்கு எல்லாம் தெரியும். எப்போதிலிருந்து என்றுதான் தெரியவில்லை. தண்ணீர் மிச்சம் பிடிக்கிற பிள்ளை என்று தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு திரிந்ததெல்லாம் அவனுக்குக் கேட்கட்டும் என்றுதானா? கல்யாணப் பேச்சு எடுத்தது, துணி தைத்தது, எல்லாம் அவன் காலில் கட்டிப்பார்த்த கயிறுகளா? இன்று கயிற்றை அவளே அவிழ்த்துவிட்டாள்.

மாஹிர் பிரஷை அந்தத் தண்ணீரில் நனைத்தான். நாலே சுற்று. நுரை கிண்ணத்தை மீறி எழும்பியது. அவன் கை ஒரு கணம் நின்றது. நல்ல தண்ணீர் எப்படி இருக்கும் என்பதை இத்தனை நாளில் அது மறந்துபோயிருந்தது. பிறகு கன்னத்தில் பூசத் தொடங்கினான். கண்களை மட்டும் விட்டுவிட்டு முகம் முழுக்க வெள்ளையானது. பிளேடு சத்தமில்லாமல் இறங்கியது. வாப்பாவின் தாடை அடியிலிருந்து வெளியே வந்தது. உம்மா மாவு அளக்கிற சாக்கில் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். இரண்டு நாளில் மறுபடி வளர்ந்துவிடப்போகிற தாடி அது. அது அந்த மூன்று பேருக்கும் தெரியும்.

ரிஹாப் எழுந்து உள்ளே போனாள். அவனுடைய கறுப்பு ஜாக்கெட் கதவுக்குப் பின்னால் தொங்கியது. இந்த வெயிலில் எடுத்து வைத்திருக்கிறான். பையில் கையை விட்டாள். காகிதத்தில் சுற்றிய ஒரு ரேசர். பக்கத்தில், நூல் போட்டு அறுத்தெடுத்த பச்சை ஆலிவ் சோப்புத் துண்டு, சதுரமாக, நாலு முனையோடு. அதை எடுத்தாள். பெட்டியைத் திறந்து போர்வைகளுக்கு அடியிலிருந்து தன் கட்டியை எடுத்தாள். இரண்டையும் இரண்டு கையில் வைத்துக்கொண்டு நின்றாள். வெளியே ரேசரைத் தண்ணீரில் ஆட்டிக் கழுவுகிற சத்தம் கேட்டது. வெள்ளைக் கட்டி கையின் வேர்வையில் வழுக்கத் தொடங்கியிருந்தது. அதை ஜாக்கெட் பையில் போட்டாள். பச்சைத் துண்டை மூடிய கைக்குள் வைத்துக்கொண்டு படிக்கே திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

மாஹிர் முகத்தைக் கழுவித் துடைத்தான். ஒரு கீறல் இல்லை. படிகாரத்தை எடுத்தவன் தேவையில்லை என்று வைத்துவிட்டான். உள்ளே போய் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வந்தான். இந்த வெயிலில் ஜாக்கெட் எதற்கு என்று உம்மா கேட்கவில்லை. சாப்பிட எப்போது வருவாய் என்றும் கேட்கவில்லை.

முற்றத்தின் நடுவில் வந்தபோது பழக்கத்தில் அவன் கை பைக்குள் போனது. அங்கேயே நின்றது. முனைகளைத் தேடிய விரல்கள் வட்டத்தைத் தடவிக்கொண்டிருப்பது துணிக்கு மேலேயே தெரிந்தது. கையை வெளியே எடுத்து மூக்கருகே கொண்டுபோனான். ரிஹாபைப் பார்த்தான். அவள் விரல்களுக்கு இடையில் பச்சையாக ஒரு முனை தெரிந்தது. விரலில் காரம் சுட்ட தழும்பு இருந்தது. ஏதாவது கேள் அண்ணே, வழக்கமாகக் கேட்பதுபோல ஒரு பைத்தியக்காரக் கேள்வி கேள், பதில் சொல்கிறேன் என்று அவள் மனம் அடித்துக்கொண்டது. அவன் கையை மறுபடி பைக்குள் விட்டுக்கொண்டு வாசலுக்கு நடந்தான்.

உம்மா வாளியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். முக்கால் வாளி மழைத்தண்ணீர் மிச்சம் இருந்தது. அவன் படியிறங்கித் தெருவில் கால் வைத்ததும், வாசலைக் கழுவுகிறவள்போல அத்தனையையும் அவன் பின்னால் வீசி எறிந்தாள். மண் சட்டென்று குடித்துவிட்டது. சில சொட்டுகள் அவன் குதிகாலில் தெறித்தன. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு கையை ஜாக்கெட் பைக்குள் வைத்துக்கொண்டு, மழித்த முகத்தோடு நடந்து போனான்.